தொங்கு பாதமும் திருச்சபையும்

தொழுநோயின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் மருந்தின் வரலாற்றையே எழுதி முடித்துவிடுகின்றனர். 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் நோய்க் கிருமியைக் கண்டார். 1940களில் சல்போன் மருந்துகள் பயனுக்கு வந்தன. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிஞர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோய் முற்றிலும் குணமாகக்கூடியதாயிற்று. இவை யாவும் உண்மையே. ஆயினும், கிருமி ஒழிந்த பின்னரும் ஊரார் தம்மை நோயாளி என்றே அழைப்பதைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர் பல்லாயிரவர். அவர்தம் உடலில் நோய் இல்லை. நோய் விட்டுச்சென்ற அடையாளம் இருந்தது. மடங்கிய விரல், மூடாத கண், தொங்கும் பாதம் ஆகியவை அவ்வடையாளங்களுள் முதன்மையானவை.

இவற்றுள் தொங்கும் பாதத்தைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நம் இதழ்களில் அதிகம் எழுதப்பட்டதில்லை. தொழுநோயாளருக்கென இச்சிகிச்சை வளர்ந்த வரலாற்றில் வேலூர், காரிகிரி, செங்கற்பட்டு ஆகிய நம் ஊர்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. திருச்சபையின் மருத்துவப் பணியோடும் அது பிணைந்தது. அருட்பணியாளர்க்கும் இறையியல் மாணவர்க்கும் அவ்வரலாறு கூறுவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடை காட்டிக்கொடுத்த நோய்

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்புறத்தில், ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. தோலுக்கு அடியில் அதனை விரலால் தொட்டறியலாம். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கும், வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளுக்கும் ஆணை தருவது அந்நரம்பே. தொழுநோய்க் கிருமியோ உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும் இயல்புடையது. ஆதலின் தோலை ஒட்டிச் செல்லும் நரம்புகளே அதற்கு எளிதில் இரையாகின்றன. நரம்பு வீங்கித் தடித்துப் பின் செயலிழக்கும்போது, அதன் ஆணையில் இயங்கிய தசைகளும் முடங்குகின்றன. பாதம் கணுக்காலிலிருந்து கீழ்நோக்கித் தொங்கிவிடுகிறது. மருத்துவர்கள் ‘ஃபுட் டிராப்’ என்று கூறும் நிலை இதுவே.

தொங்கும் பாதத்தின் நுனி தரையில் இடறாதிருக்க வேண்டுமாயின், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை மிகுதியாக உயர்த்தவேண்டும். முழங்காலளவு நீரில் நடப்பவரைப்போல அவர் நடப்பார். குதிகால் முதலில் ஊன்ற வேண்டியதற்கு மாறாக, பாதத்தின் முன்பகுதியும் வெளிவிளிம்பும் தரையில் அறைந்து விழும். உள்ளங்காலில் உணர்ச்சியும் அற்றுப்போயிருந்தால் அவ்விடத்தில் தோல் கன்றுவதும் கிழிவதும் அவருக்குத் தெரிவதில்லை. புண் உண்டாகும், அதன்மேலேயே நடப்பார், புண் எலும்பை எட்டும், இறுதியில் விரலோ பாதமோ காலோ வெட்டப்படும்.

இது உடலுக்கு நேர்ந்த கேடு. மற்றொரு கேடும் உண்டு. தோலில் உள்ள தேமலை ஆடையால் மறைக்கலாம். மடங்கிய விரல்களை மேல்துண்டுக்குள் ஒளிக்கலாம். நடையை ஒளிக்க எவராலும் இயலாது. தெருக்கோடியில் வரும்போதே அந்நடை ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண் கொடுக்க மறுத்தவரும், வேலை தர மறுத்தவரும், தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்தவரும் மருத்துவச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கவில்லை. நடையைப் பார்த்தே தீர்ப்புச் செய்தார்கள்.

பாளயத்திற்குப் புறம்பே

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நாம் யாவரும் அறிவோம். ஆசாரியன் தோலைச் சோதித்துத் தீட்டென்று தீர்த்தவன் பாளயத்திற்குப் புறம்பே குடியிருக்க வேண்டும். அங்கு எபிரேயத்தில் கூறப்படும் ‘சாராத்’ என்பது இன்று நாம் தொழுநோய் என்னும் நோயோடு ஒன்றானதன்று என்பது வேத அறிஞர் பலரும் ஒப்பிய கருத்து. ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூட ‘சாராத்’ உண்டாகும் என அவ்வதிகாரங்கள் கூறுவதே இதற்குப் போதிய சான்றாகும். ஆயினும் நம் பழைய மொழிபெயர்ப்பு அதனைக் குஷ்டரோகம் என்று வழங்கியதால், சட்டத்தின் தீட்டும் நோயின் துன்பமும் நம் மக்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

19ஆம் நூற்றாண்டில் திருச்சபை தொழுநோயாளரைத் தேடிச் சென்றது. 1874இல் வெல்லெஸ்லி பெய்லி தொடங்கிய தொழுநோயாளர் அருட்பணிச் சங்கமும் வேறு பல சங்கங்களும் இந்தியாவெங்கும் காப்பகங்களை நிறுவவும் தாங்கவும் முற்பட்டன. உணவும் உறைவிடமும், கட்டுப்போடும் கையும், கல்லறையருகே ஜெபிக்கும் ஒரு குருவும் அங்கே கிடைத்தனர். வேறெவரும் செய்யத் துணியாத தொண்டு அது; அதைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மையாகும். ஆனால் அத்தொண்டின் அமைப்பைச் சற்றே நோக்குங்கள். காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. அதனுள் சென்றவர் திரும்பி வருவார் என எவரும் எதிர்பார்க்கவில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரிந்த நோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. மருந்தில்லாத அக்காலத்தில் திருச்சபை பாளயத்திற்குப் புறம்பே சென்றது. அங்கேயே தங்கி அன்பு செய்தது. ஆனால் எவரையும் பாளயத்திற்குள் திரும்ப அழைத்துவர அதனால் இயலவில்லை.

வேலூரில் எழுந்த கேள்வி

1946ஆம் ஆண்டில் பால் பிராண்டு என்னும் இளம் அறுவை மருத்துவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்டு அம்மலையில் ஊழியம் செய்து 1929இல் அங்கேயே காய்ச்சலால் மாண்டார். மகன் இங்கிலாந்தில் முதலில் கற்றது மருத்துவமன்று, கட்டட வேலை. கல்லும் மரமும் பளுவும் தாங்குமுறையும் அறிந்த கை, பின்னர் எலும்பையும் தசைநாணையும் அறியலாயிற்று.

அவரை வேலூருக்கு அழைத்தவர் தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற இராபர்ட் காக்ரேன். 1947இல் அவர் பிராண்டைச் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே மடங்கிய கைகளையும் புண்பட்ட கால்களையும் கண்ட பிராண்டு, இவற்றைச் சீராக்க எலும்பு மருத்துவர் எவரேனும் முயன்றதுண்டா என வினவினார். முறையாக ஆராய்ந்தவர் எவருமில்லை என்பதே விடை. பொது மருத்துவமனைகளோ அந்நாளில் தொழுநோயாளரை உள்ளே அனுமதிக்கவும் அஞ்சின.

அங்கேயே பிராண்டு ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு கூறினார். மடங்கி வற்றிய அக்கையின் பிடி அவருக்கு வலி உண்டாகுமளவு வலிமையாயிருந்தது. நோய் கை முழுவதையும் தின்றுவிடவில்லை. சில தசைகள் முடங்கியிருக்க, அவற்றின் அருகிலேயே வேறு சில தசைகள் முழு வலிமையோடு இருந்தன என்பது அப்போது புலனாயிற்று. அவரும் உடன் பணியாளரும் நோயாளர் பலரைச் சோதித்தபோது, முடங்கும் தசைகளும் தப்பும் தசைகளும் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்ததைக் கண்டனர். ஒழுங்கு உண்டாயின் முன்னறிந்து திட்டமிடலாம். 1948இல் கைகளில் அறுவைச் சிகிச்சை தொடங்கியது. 1952இல் இலண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில், தொழுநோயால் கெட்ட கையைச் சீரமைப்பது குறித்துப் பிராண்டு ஹண்டர் நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார்.

கையிலிருந்து காலுக்கு

கையினும் கால் கடினமானது. உடலின் பளுவைத் தாங்குவது அதுவன்றோ! பல நூற்றாண்டுகளாக மக்கள் நம்பியது, தொழுநோயில் சதை தானே அழுகி விழுகிறது என்பதாகும். வேலூரிலும் பின்னர்க் காரிகிரியிலும் நடந்த ஆய்வு இந்நம்பிக்கையைத் தகர்த்தது. விரல்கள் தாமே விழுவதில்லை. வலி உணராத கால் ஆணியின்மேல் நடக்கிறது. சூடான கல்லில் நிற்கிறது. ஒரே இடத்தில் ஓயாது அழுந்துகிறது. வலி என்னும் காவலன் இல்லாத வீட்டில் திருடன் அன்றாடம் புகுகிறான். புண்ணை ஆறவிட்டால் அது மற்றவர் புண்ணைப்போலவே ஆறுகிறது. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையை 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் கையாண்டிருந்தார். அம்முறை வேலூரில் பரவலாகக் கையாளப்பட்டது. மென்மையான நுண்ணறை ரப்பரால் ஆன மிதியடியும் அக்காலத்தில் இப்பகுதியில் உருவாகியதே. இன்றும் நோயாளர் அதனை ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்றே அழைக்கின்றனர்.

ஆயினும் தொங்கும் பாதத்திற்கு மிதியடி மட்டும் போதவில்லை. பாதம் தவறாக விழும்வரை புண் ஆறுவதும் திரும்புவதுமாகவே இருக்கும். 1955இல் வேலூரை அடுத்த காரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் பணி தொடங்கியது. அங்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் எர்னஸ்ட் ஃப்ரிட்சி. காற்புண்ணைத் தடுப்பதில் சீரமைப்பு அறுவைச் சிகிச்சைக்குள்ள இடம் குறித்து 1957இல் அவரும் பிராண்டும் கட்டுரை வெளியிட்டனர். அத்தலைப்பே கருதத்தக்கது. தொங்கு பாதத்தை நிமிர்த்துவது அழகுக்காக அன்று. கால் வெட்டப்படாமல் காப்பதற்காகவே என்பது அதன் பொருள். 1971இல் ஃப்ரிட்சி தொழுநோய்ச் சீரமைப்பு அறுவை மருத்துவத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

வலிய தசை ஏற்கும் புதிய பணி

இனி அறுவைச் சிகிச்சையின் முறையைச் சுருக்கமாகக் காண்போம். நரம்பு தாக்கப்பட்ட தொடக்க மாதங்களில் ஸ்டீராய்டு மாத்திரைகள் அதனை மீட்கக்கூடும். ஆறு மாதமோ ஓராண்டோ கடந்தும் மீளாத நரம்பை உயிர்ப்பிக்க வழி காணப்படவில்லை. எனவே அறுவை மருத்துவர் வேறோர் உதவியை நாடுகின்றனர்.

கெண்டைக்காலின் ஆழத்தில், எலும்புகளை ஒட்டி, ஒரு தசை உண்டு. அதன் நாண் உட்கணுக்காலின் பின்புறமாக வளைந்து சென்று பாதத்தின் உட்பக்க எலும்பில் முடிகிறது. பாதத்தை உட்புறமாகத் திருப்புவது அதன் வேலை. இத்தசைக்கு ஆணை தரும் நரம்பு வேறு. அது காலின் பின்புறம் ஆழத்தில் செல்வது. அந்நரம்பும் கணுக்காலருகே தோலை ஒட்டி வரும்போது தொழுநோயால் தாக்கப்படலாம். உள்ளங்கால் உணர்ச்சி இழப்பது அதனாலேயே. ஆனால் இத்தசைக்குரிய கிளை வெகு மேலேயே பிரிந்துவிடுவதால் தசை தப்பிவிடுகிறது.

அறுவை மருத்துவர் இத்தசையின் நாணை அது முடியும் இடத்தில் விடுவித்து, கணுக்காலுக்கு மேலுள்ள மற்றொரு கீறலின் வழியாக வெளியே இழுத்து, காலின் முன்புறத்திற்குக் கொண்டுவருகிறார். இரு கால் எலும்புகளுக்கும் இடையேயுள்ள சவ்வைத் துளைத்துக் கொண்டுவருவது ஒரு வழி. முன்கால் எலும்பின் உட்புறமாகத் தோலுக்கு அடியில் சுற்றிக் கொண்டுவருவது மற்றொரு வழி. நெடுநாள் தொங்கியதால் குறுகிப்போன குதிநாணும் நீட்டப்படுகிறது. பின்னர் நான்கு முதல் ஆறு வாரம் வரை மாவுக்கட்டு.

இம்முறை தொழுநோயாளருக்கென்றே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இத்தாலியர் காடிவில்லா 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தசைநாண் மாற்றத்தைப் பற்றி எழுதினார். எலும்பைச் சுற்றிக் கொண்டுவரும் வழியை 1933இல் அமெரிக்கர் ஓபர் விளக்கினார். இளம்பிள்ளை வாதத்தால் முடங்கியவருக்கு இத்தகைய சிகிச்சைகள் நடந்துவந்தன. அறிவு இருந்தது, கருவி இருந்தது, தொழுநோயாளரை அச்சிகிச்சைக்கு உரியவராகக் கருதும் எண்ணமே நெடுங்காலம் இல்லாதிருந்தது. இதனை நாம் எளிதாகக் கடந்துபோகலாகாது.

செங்கற்பட்டு நிலையத்தை 1955இல் மத்திய அரசு ஏற்றுப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்குப் பணியாற்றிய டாக்டர் எச். சீனிவாசன் தம் உடன் பணியாளர் இருவரோடு 1968இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் நிலைபெற்றது. கொண்டுவந்த நாணை இரண்டாகப் பிளந்து, ஒரு கிளையைப் பெருவிரலைத் தூக்கும் நாணிலும், மற்றதைப் பிற விரல்களைத் தூக்கும் நாண்களிலும் இணைக்கும் முறையை அக்கட்டுரை விளக்கியது. இதனால் பாதம் உட்புறமோ வெளிப்புறமோ சாயாமல் நேராக எழும்பும். அருட்பணி நிலையங்களில் தொடங்கிய பணியை அரசு நிலையத்தின் இந்திய மருத்துவர்கள் செம்மைப்படுத்தினார்கள். இதனை நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை.

நடக்கக் கற்றல்

கத்தியின் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாளியின் வேலையோ மாதக்கணக்கில் நீள்வது. தசையின் இடம் மாறிவிட்டது. மூளை அதனை அறியாது. மாவுக்கட்டைப் பிரித்தபின், பாதத்தைத் தூக்கு என்றால் பாதம் எழுவதில்லை. உள்ளங்காலை உட்புறமாகத் திருப்ப நினை என்று பயிற்சியாளர் கூறுகிறார். நோயாளி பழைய வேலையை நினைக்கிறார். பாதமோ மேலே எழுகிறது. முதலில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்த நிலையிலும், பின் நின்றும், பின் கம்பிகளைப் பற்றி நடந்தும் நாள்தோறும் பழகவேண்டும். குதிகால் முதலில் ஊன்றும் நாள் ஒன்று வரும். இப்பயிற்சிப் பணிக்கு வேலூரில் அடித்தளமிட்டவர் ரூத் தாமஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி.

அறுவைச் சிகிச்சை நடையைத் திருப்பித் தரும். உணர்ச்சியைத் திருப்பித் தராது. நேராக நடப்பவரும் வாழ்நாள் முழுவதும் மிதியடி அணியவேண்டும். மாலைதோறும் உள்ளங்காலைக் கண்ணால் சோதிக்கவேண்டும். பிராண்டு தம் வாழ்வில் நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1950களின் தொடக்கத்தில் ஓர் இரவு, பயணக் களைப்போடும் காய்ச்சலோடும் இங்கிலாந்தில் இருந்தபோது, தம் குதிகாலில் உணர்ச்சியில்லை எனக் கண்டு ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் தொற்றியதென எண்ணி இரவெல்லாம் கலங்கினார். மறுநாட் காலை மீண்டும் குத்தியபோது வலித்தது; அவ்வலிக்காக அவர் கடவுளைத் துதித்தார். பிறருக்கு அஞ்ச வேண்டாமென்று போதித்தவர் அவ்வோர் இரவில் அஞ்சினார். தம் நோயாளர் ஒவ்வொருவரும் கடந்துவந்த இரவு அது என்பதை அன்று அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

நேரான கையும் மூடிய கதவும்

கை சீரான சிலர் மருத்துவரிடம் திரும்பி வந்து ஒரு முறையீடு செய்தனர். இக்கைகள் பிச்சைக்கு உதவவில்லை. மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள் நேரான கைக்குப் போடுவதில்லை. ஆனால் நோயாளி என்று அறிந்து வேலையும் தருவதில்லை என்றனர். பழைய வாழ்வின் கதவு அடைபட்டது. புதிய வாழ்வின் கதவு திறக்கவில்லை. இதனைக் கண்டே 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு அவர்கள் தச்சு முதலிய தொழில்களைக் கற்றுத் தம் உழைப்பால் வாழப் பழகினர்.

அப்பணியில் கருதத்தக்க மற்றொருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்த இளம் மருத்துவர் அவர். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூரின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவை உருவாக்கினார். தாம் எழுந்து நடக்க இயலாதவர் பிறரைத் தம் தொழிலுக்குத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 3ஆம் அதிகாரத்தில், அலங்கார வாசலண்டை பிச்சை கேட்டவனின் கால்களும் கரடுகளும் பெலன் பெற்றன என வாசிக்கிறோம். லூக்கா அதனோடு நிறுத்தவில்லை. அவன் அப்போஸ்தலரோடு தேவாலயத்திற்குள் பிரவேசித்தான் என்பதையும் குறிக்கிறார். வாசலில் கிடந்தவன் உள்ளே வந்தபோதுதான் அச்செயல் நிறைவுற்றது.

ஒரு சேகரத்தில் நேர்ந்தது

என் ஊழியத்தின் தொடக்கத்தில், 1990களின் நடுவில், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு கிராமச் சபையில் இத்தகைய ஒருவர் இருந்தார். கூட்டு மருந்தால் குணமாகி, பாதத்திற்கு அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டு, ஆறு மாதத்திற்குப் பின் ஊர் திரும்பினார். அவர் நேராக நடந்து வந்ததைக் கண்டு சிறுவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். மிதியடியை எக்காரணத்தாலும் கழற்றலாகாது என்று மருத்துவமனையில் எழுதித் தந்த சீட்டை என்னிடம் காட்டினார். நான் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்திற்கு வந்தார். நம் கிராமங்களில் ஆலயத்திற்குள் எவரும் செருப்போடு வருவதில்லை. சபை மூப்பர்கள் என்னிடம் வந்து, அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லும்படியும், திருவிருந்தில் கடைசியாக வரச் சொல்லும்படியும் கேட்டனர். நான் அவரை அழைத்து, “அண்ணாச்சி, சபையார் மனம் சங்கடப்படுது” என்று தொடங்கினேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. “பரவாயில்லைங்கையா, நான் கழட்டிட்டே வாறேன். கடைசியிலேயே வாறேன்” என்றார். என் வேலையை அவர் எளிதாக்கினார் என்று அன்று நான் மகிழ்ந்தேன்.

அவ்வாண்டுக் கோடையில் ஆலய முற்றத்தின் கல்தளம் அவர் பாதத்தைச் சுட்டது. அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாயிற்று, மீண்டும் மருத்துவமனை, ஒரு விரல் எடுக்கப்பட்டது. மருத்துவர்கள் காத்துக் கொடுத்த பாதத்தை ஆலயத்தின் முற்றம் கெடுத்தது. சீட்டை வாசித்தவன் நான். என் மௌனத்திற்குச் சபையாரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

பதினான்காம் அதிகாரம்

அதன்பின்னரே லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தைக் கருத்தோடு வாசித்தேன். 13ஆம் அதிகாரத்தில் நோயாளி ஆசாரியனிடம் கொண்டுவரப்படுகிறான்; 14இல் ஆசாரியனே பாளயத்திற்குப் புறம்பே செல்கிறான். குணமானவனைச் சோதித்து, குற்றநிவாரண பலியின் இரத்தத்தையும், பின்னர் எண்ணெயையும் அவன் வலதுகாதின் மடலிலும், வலதுகையின் பெருவிரலிலும், வலதுகாலின் பெருவிரலிலும் பூசுகிறான். ஆசாரியப் பணிக்கு ஆரோனும் அவன் குமாரரும் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது இரத்தம் பூசப்பட்ட இடங்களும் இவையே என்பதை லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தில் காணலாம். திரும்பி வருபவன் கடைசியில் நிற்க வேண்டியவனாக அன்று, ஆசாரியனுக்கு இணையான அடையாளத்தோடு உள்ளே அழைக்கப்படுகிறான். மாற்கு 1ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் நோயாளியைத் தொட்டுச் சுத்தமாக்கியபின் ஆசாரியனிடம் அனுப்பியதும் இதற்காகவே. தொடுதல் அவருடையது, உள்ளே சேர்த்துக்கொள்ளும் கடமையை அவர் ஆசாரியனிடம் விட்டார்.

கைப்பெருவிரலையும் கால்பெருவிரலையும் மருத்துவர்கள் தம் பங்குக்குச் சீராக்கிவிட்டனர். திருச்சபை 13ஆம் அதிகாரத்தை நினைவில் வைத்து, 14ஆம் அதிகாரத்தை மறந்துவிட்டது. நாட்டின் சட்டமோ மெல்லத் திருந்தி வருகிறது. 1898ஆம் ஆண்டின் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்கோ பிரிந்து வாழ்வதற்கோ காரணமாகக் காட்டும் விதி 2019இல் ஐந்து சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டது. கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. அதாவது, நம் மணமக்களுக்கு நாம் ஆசி கூறிய பின்னரும் 2001 முதல் 2019 வரை இந்நோய் அவ்வுறவை முறிக்கப் போதிய காரணமாக ஏட்டில் இருந்தது.

2005ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே நோய் குறைந்ததென இந்தியா அறிவித்தது. எனினும் 2022இல் நம் நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவர். எனவே இப்பொருள் பழங்கதையன்று. அருட்பணியாளர் செய்யத்தக்கன சிலவும் உள. கால் தடுக்குகிறது, செருப்பு தானே கழல்கிறது என்று ஒருவர் கூறினால் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் வந்தால் அறுவைச் சிகிச்சையே தேவைப்படாமற் போகலாம். பழைய தொங்கு பாதத்தோடு வாழ்பவருக்கு அதற்குச் சிகிச்சை உண்டு என்பதைக் கூற வேண்டும். அரசே அதற்கு உதவித்தொகை அளிக்கிறது என்பதைப் பலர் அறியார். உணர்ச்சியற்ற காலுடையவர் மிதியடியோடு ஆலயத்திற்குள் வரலாம் என்று சபைக்கு முன்பாக அறிவிக்க வேண்டும். இவ்வறிவிப்பு நீரிழிவால் கால் மரத்துப்போன நம் மூப்பர்கள் பலருக்கும் பயன்படும். மோசே தன் பாதரட்சையைக் கழற்றியது தேவனுடைய சமுகத்தை உணர்ந்ததற்கு அடையாளம். பிறனுடைய காயத்தை அறிந்தும் அவனைக் கழற்றச் சொல்வது அவ்வுணர்வுக்கு அடையாளமாகாது.

முடங்கிய தசையின் பணியை வலிய தசை ஏற்கிறது. அதற்காகத் தன் பழைய இடத்தை விட்டுக்கொடுத்து, புதிய இடத்தில் மாதக்கணக்கில் பழகுகிறது. கொரிந்து சபைக்குப் பவுல் உடலின் அவயவங்களைப் பற்றி எழுதியதன் பொருளும் இதற்குத் தொலைவானதன்று. இடம் மாறவேண்டியது குணமாகி வந்தவர் அன்று. ஏற்கெனவே உள்ளே இருக்கும் நாமே. அந்த அண்ணாச்சி கடைசியில் வர ஒப்பினார். அவரை முதலில் அழைத்திருக்க வேண்டியவன் பந்தியில் நின்ற குருவாகிய நான். இன்று இறையியல் கல்லூரியில் பயின்று நாளை பந்தியில் நிற்கப்போகும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்வார்களாக.